மாங்காய்க்குக் கல்லெறிய ஆறு மாதமா?



எமது பாடசாலையில் உயர்தரம் படிக்கும் நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீஆர் கேம் செய்து முடித்திருக்கிறார்கள். ஹெட்செட்டை மாட்டினால் நீங்கள் ஒரு மாமரத்தின் கீழ் நிற்பீர்கள். கல்லை எடுத்து எறிய வேண்டும். பட்டால் மாங்காய் விழும். ஐந்து நிமிட விளையாட்டு, அவ்வளவுதான்.

"இதுக்கா சேர் ஆறு மாசம்? இனி மகள அனுப்ப ஏலா" என்றார் ஒரு தந்தை. அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் போட்ட திட்டம் பெரியது. பஸார், கடற்கரை, பள்ளிவாசல் சந்தி, ஓடும் ஓட்டோ என்று முழு ஊரையும் கட்டுவது. நால்வருக்கும் அனுபவம் இல்லை, எனக்கும் இல்லை. கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு மாணவனின் மாமா தந்த ஹெட்செட் மட்டும் இருந்தது. யுனிட்டி, பிளெண்டர் மென்பொருட்களை மாணவர்கள் இலவசமாகப் பாவிக்கலாம். ஆகவே எங்களுக்குத் தடை பணமல்ல, பேராசைதான்.

மூன்று மாதத்தில் பாதிச் சந்திதான் எழும்பியது. அதற்குள் நடந்து பார்த்த தரம் 10 மாணவன் தலைசுற்றி வாந்தி எடுத்தான். கண் "நடக்கிறோம்" என்கிறது, உட்காது "அசையவே இல்லை" என்கிறது. மூளை குழம்பிவிடுகிறது. படம் தடங்கினால் இன்னும் மோசம். எமது ஹெட்செட்டுக்கு செக்கனுக்கு 72 படங்கள் வேண்டும். எங்கள் சந்தி அதில் பாதியும் தரவில்லை.

அன்று பின்னேரமே அந்தத் தந்தையின் மகள், தான் கட்டிய சந்தியைத் தானே அழித்தாள். "ஆள நடத்த வேணாம் சேர், நின்ட எடத்துல நிக்கட்டும்" என்றாள். செக் நாட்டில் ஒரு சிறிய குழு செய்து, 2018இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற பீட் சேபர் விளையாட்டிலும் ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கட்டைகள்தான் அவரை நோக்கி வருகின்றன.

கல்லெறிவதும் லேசாக வரவில்லை. கையை விடும் கணத்தின் வேகத்தை மட்டும் எடுத்தபோது கல் காலடியில் விழுந்தது. அதற்கு முந்திய சில படங்களின் சராசரி வேகத்தை எடுத்த பிறகே ஒழுங்காகப் பறந்தது. இதற்கே பல சனிக்கிழமைகள் போயின.

பரீட்சை பற்றிய பெற்றோரின் பயம் நியாயமானது. அதனால்தான் கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் மட்டும் வைத்தோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அடிக்கல் நாட்டுவதில், பெனர் அடிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். முடித்த வேலைகள் எத்தனை? செய்ததை அழிக்கவும், ஆசையைக் குறைக்கவும், மற்றவனுக்குத் தலைசுற்றுமா என்று யோசிக்கவும், எடுத்ததை முடிக்கவும் இந்தப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். இது எந்தப் பாஸ் பேப்பரிலும் வராது.

அந்தத் தந்தை இன்னும் ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கவில்லை. ஆனால் மகள் போன சனிக்கிழமை வந்தாள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கம்பியூட்டர் அறை திறந்திருக்கும். பெற்றோரே, வந்து ஒரு கல்லெறிந்து பாருங்கள். குறை இருந்தால் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். அவர்கள் எழுதி வைப்பார்கள்.