ஆளில்லாக் கடற்கூற்றும் விசயநாராயணத்துக் கம்பங்களும்

அணுவுலை பொருத்தி, ஆளின்றியே ஆழ்கடலில் ஊர்ந்து சென்று கரையோர நகரங்களை அழிக்கவல்ல ‘பொசைடன்’ என்னும் படைக்கருவியை உருசியத் தலைவர் புதின் 2018 மார்ச்சில் அறிவித்தார். 2025 அக்தோபரில், நீர்மூழ்கியினின்று அதனைச் செலுத்தி, உலையையும் இயக்கிப் பார்த்துவிட்டதாகப் பெருமிதம் பேசினார். எங்கோ தொலைக்கடலில் நிகழ்ந்ததுதானே என்று இராசபாளையத்தாரும் திருவில்லிபுத்தூராரும் வாளாவிருத்தல் இயலுமா?

இயலாது, அன்பர்களே! திருநெல்வேலி மாவட்டத்து விசயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயரால் இந்தியக் கடற்படை நிலையம் ஒன்று 1990 முதல் இயங்குகின்றது. வானொலி அலை கடல்நீருள் எளிதில் புகுவதில்லை. மிகத் தாழ்ந்த அலைவெண் கொண்ட நெடிய அலையே ஓரளவு ஆழம் இறங்கும். அதனை எழுப்பவே அங்கே 1,500 அடியைத் தாண்டிய கம்பங்கள் நிற்கின்றன. திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு! மூழ்கியிருக்கும் கலங்களுக்கு ஆணை செல்வது அவ்வழியே. (வெள்ளையனை எதிர்த்துத் தூக்கிலேறியவன் பெயருக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகளை ஒட்டியிருப்பதையும் காண்க.) அணு நீர்மூழ்கி அரிகந்தின் உலைக்கு முன்மாதிரி அமைந்ததும் நம் கல்பாக்கத்தில்தான்.

போர் மூளின், கலத்தைத் தேடி அலைவதினும் அதற்குக் கட்டளை சொல்லும் வாயை அடைப்பது பகைவனுக்கு எளிது. அவ்வாய் நம் மண்ணில் இருக்கின்றது. 2024இல் தெலங்கானத்துத் தாமகுண்டம் காட்டில் இத்தகைய இன்னொரு நிலையத்துக்குக் கால்கோள் நடந்தபோது, மரங்களுக்காகவேனும் அங்கே எதிர்ப்பு எழுந்தது. இங்கே?

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் புண்கட்டுந் துணி நெய்கின்றன. அணுக்குண்டு விழுந்த ஊருக்கு அத்துணி எத்தனை முழம் போதும்? ஏதம் நேரின் எவ்வூரார் எத்திசை செல்வதென்னும் திட்டம் உண்டா? உண்டெனில் அதனைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் தருக என்று தத்தம் சட்டமன்ற உறுப்பினரிடம் இவ்விரு ஊர் அன்பர்களும் இம்மாதமே எழுதிக் கேட்டல் வேண்டும்.