எரிசக்தி குறைந்த தீவனத்துக்கு என்சைம் ஈடாகுமா?

கறிக்கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளமும் எண்ணெயும் விலை ஏறும்போதெல்லாம், 'எரிசக்தியைக் கொஞ்சம் குறையுங்கள், என்சைம் ஈடுகட்டிவிடும்' என்ற ஆலோசனை பண்ணைக்கு வந்துவிடுகிறது. அதில் பாதிதான் உண்மை.

என்சைமில் எரிசக்தி இல்லை. தீவனத்தில் இருந்தும் கோழியால் செரிக்க முடியாத சத்தை அது விடுவிக்கிறது. கோதுமையில் உள்ள கரையும் நார்ப்பொருள் குடலில் பசையாகிச் செரிமானத்தைத் தடுக்கும். எச்சம் இளகி ஆழ்கூளமும் ஈரமாகும். சைலனேஸ் அந்த நாரை உடைக்கும். அரிசித் தவிட்டில் பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்க பைட்டேஸ் வேண்டும். மக்காச்சோளத்தில் கரையும் நார் மிகக் குறைவு. எனவே, மக்காச்சோளம்-சோயா தீவனத்தில் சைலனேஸ் மட்டும் போட்டுப் பெரும் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் தீவனத்தில் 14 கிலோ எண்ணெயை எடுத்துவிட்டு அதே அளவு மக்காச்சோளம் சேர்த்தால், கிலோவுக்குச் சுமார் 75 கிலோ கலோரி குறையும். என்சைம் அதை மீட்டுத் தந்தால் எண்ணெய்ச் செலவு மிச்சம். மீட்காவிட்டால் கோழி கூடுதலாகத் தின்னும். தீவன மாற்று விகிதம் கெடும்.

ஒப்பந்தப் பண்ணைகளில் தீவனக் கலவையை முடிவு செய்வது நிறுவனம். வளர்ப்புக் கூலியோ தீவன மாற்று விகிதத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. சோதனை ஒருவருடையது, நட்டம் இன்னொருவருடையது என்பது நியாயமல்ல. தீவனத்தின் எரிசக்தி அளவையும், சேர்த்த என்சைமையும் எழுத்தில் கேளுங்கள். கலவை மாறினால் கூலிக்கான விகித அளவுகோலும் மாற வேண்டும்.

சொந்தமாகத் தீவனம் அரைப்போர் கவனிக்க: என்சைம் ஒரு புரதம். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் போனால் வீரியம் இழக்கலாம். வெப்பம் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். டன்னுக்குச் சேர்ப்பது சிறிதளவே என்பதால், முதலில் சில கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சேருங்கள்.

பண்ணை முழுவதும் மாற்றும் முன், ஒரே தொகுதிக் குஞ்சுகளில் 50 வீதம் மூன்று பிரிவாகத் தடுத்து வளருங்கள்: வழக்கமான தீவனம், எரிசக்தி குறைத்தது, குறைத்து என்சைம் சேர்த்தது. வாரந்தோறும் எடையையும் தின்ற தீவனத்தையும் குறித்து வாருங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் இந்தக் கணக்கை எழுத உதவலாம். மூன்றாவது பிரிவு முதல் பிரிவுக்கு இணையாக வளர்ந்து, கிலோ எடைக்கான தீவனச் செலவும் குறைந்தால் மட்டுமே என்சைம் வாங்குங்கள்.