மூலக்கோப்பு உங்கள் கையில்

திறன்பேசிச் செயலி உருவாக்க, ஆண்ட்ராய்டுக்கு ஒரு நிரல்மொழி, ஐபோனுக்கு வேறொன்று எனக் கற்ற பிறகுதான் தொடங்க முடியும் என்று மாணவர் பலர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் எழுதிய இணையப்பக்கக் கோப்புகளை அப்பாச்சி கார்டோவா என்னும் இலவச மென்பொருள் செயலியாக மாற்றித் தரும். செயலிக்குள் முகவரிப் பட்டை இல்லாத ஓர் உலாவி அப்பக்கங்களைக் காட்டும்; அவ்வளவுதான். அதிவேக விளையாட்டுகளுக்கு இம்முறை ஒத்துவராது. தமிழ்ச் சொற்புதிருக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால், மூலக்கோப்புகளை உங்கள் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள். கோப்புகளை அனுப்பினால் செயலியாக்கித் தந்த அடோபியின் போன்கேப் பில்டு சேவை 2020இல் மூடப்பட்டது. மூலக்கோப்பு வைத்திருந்தவர் கார்டோவாவுக்கு மாறிக்கொள்ளலாம். செயலி மட்டுமே கையில் இருந்தால், அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதுகூடப் பெரும்பாடு.