அறங்காவலர் நாற்காலி: கோயிலில் உண்டு, பள்ளியில் இல்லை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே உள்ளது பென்னலூர். இப்பகுதியை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் சுழற்சி முறையில் இடஒதுக்கீடு உண்டு. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில் ஒன்றுக்கு அரசு அறங்காவலர் குழு அமைத்தால், அதில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் மற்றொருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. நூற்றாண்டுகளாக நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோயிலின் நிர்வாகத்திலேயே சட்டம் நமக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது.

நம் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையில் அந்த நாற்காலி இல்லை. அரசு ஊதியம் வழங்கும் உதவிபெறும் பள்ளியிலும் இல்லை.

அறங்காவலர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவர் எப்படி வருகிறார்? பெரும்பாலான அறக்கட்டளைப் பத்திரங்களில் விடை ஒரே வரியில் இருக்கும்: எஞ்சிய அறங்காவலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நடைமுறையில் தந்தையின் இடத்துக்கு மகன், மகனின் இடத்துக்கு மருமகள். அறிவிப்பு இல்லை, விண்ணப்பம் இல்லை. சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களில் தேர்தல் உண்டு; ஆனால் வாக்களிக்கும் உறுப்பினராகச் சேர்வதற்கே குறிப்பிட்ட சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பல சங்கங்கள் இன்றளவும் வைத்திருக்கின்றன. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பள்ளிக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் குழுவை அமைக்கும் அறக்கட்டளைக்குள் யார் அமர்வது என்பதைப் பத்திரத்துக்கே விட்டுவிடுகிறது.

'யார் அமர்ந்தால் என்ன, பாடம் நடந்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் பச்சையப்பன் அறக்கட்டளையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற செல்வம், நீண்ட வழக்குகளுக்குப் பின் நீதிமன்றத்தின் வழியாகக் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்திலும் அதன் கல்லூரிகள் உள்ளன. ஆங்கிலேயர் பணமின்றித் தென்னிந்தியாவில் எழுந்த முதல் பெரிய கல்வி நிறுவனம் என்று அதைப் புகழ்வார்கள். புகழட்டும். அந்தக் கல்லூரி 1920கள் வரை ஆதிதிராவிட மாணவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும், 1947 வரை இந்து அல்லாதவர்களுக்கு அங்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கதவை மூடி வைத்தது அரசாணை அன்று. அறக்கட்டளையை ஆண்டவர்களின் முடிவு. எம்.சி. ராஜா போன்றோர் சட்டமன்றத்தில் நம் கல்விக்காக வாதாடிய காலத்தில், அறங்காவலர் கூட்டத்தில் வாதாட நம்மில் ஒருவரும் இல்லை. அண்மைக் காலத்திலும் அந்த அறக்கட்டளையின் அறங்காவலர் தேர்தல் வழக்குகளில் சிக்கி, உயர் நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இடைக்கால நிர்வாகிகளாக இருக்க நேர்ந்தது. அந்த நாற்காலிகளுக்கு அவ்வளவு போட்டி என்றால், அவற்றில் அதிகாரம் இருக்கிறது என்றுதானே பொருள்?

ஆசிரியர் நியமனம், கட்டணம், விடுதி, ஒப்பந்தம், நிலம் என அனைத்தையும் முடிவு செய்வது அந்தக் கூட்டம்தான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 விழுக்காடு இடத்தில் சேர்ந்த குழந்தை தனி வரிசையில் அமர்த்தப்பட்டால், புகார் இறுதியில் போய்ச் சேரும் மேசையும் அதுவே. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு என்று நல்ல வரையறை தந்தது. சுயநிதிப் பள்ளிகளுக்கு அது தொடக்கம் முதலே பொருந்தாது. உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் அக்குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012இல் திருத்தம் வந்தது. பணம் அரசுடையது, ஆலோசனை பெற்றோருடையது, முடிவு குடும்பத்துடையது!

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு. 2002இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு, நிர்வாகக் குழுவை அமைப்பதும் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையின் ஒரு பகுதி என்றது. உண்மைதான். ஆனால் மாணவரைச் சேர்ப்பதும் அதே பட்டியலில் இருந்த உரிமையே. அதன்மீது 25 விழுக்காடு என்ற கட்டுப்பாட்டைச் சட்டம் விதித்தது. சிறுபான்மை அல்லாத பள்ளிகளைப் பொறுத்தவரை 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சேர்க்கையில் நியாயமான கட்டுப்பாடு செல்லுமெனில், அரசுப் பணம் பெறும் பள்ளியின் நிர்வாகத்தில் ஓர் இடம் கேட்பது எவ்வாறு செல்லாததாகும்? சிறுபான்மை நிறுவனங்களுக்கு 30ஆம் உறுப்பின் பாதுகாப்பு உண்டு. அங்கே தலித் கிறித்தவர்கள் தம் திருச்சபைகளுக்குள்ளேயே நடத்தும் போராட்டம் தனியாக எழுதப்பட வேண்டியது.

ஒற்றை நாற்காலி கண்துடைப்பாகிவிடாதா என்ற ஐயம் நம் தோழர்களிடமும் உண்டு. கோயில் குழுக்களில் அப்படி ஆவதையும் பார்க்கிறோம். ஆயினும் அறங்காவலர் என்பவர் வெறும் உறுப்பினர் அல்லர். கணக்கையும் கூட்டக் குறிப்பேட்டையும் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய முடியும். வெளியே நின்று எழுதும் நூறு மனுக்களால் ஆகாததை அந்த ஒரு குறிப்பு செய்துவிடும். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது வகுப்பறைகளோடு நிர்வாகத்தையும் சேர்த்தே நம் கையில் தந்தார்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெருமளவு அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே உங்கள் ஊரின் உதவிபெறும் பள்ளியிடம் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், இன்றைய அறங்காவலர்களின் பெயர்கள், கடைசியாக ஒருவர் நியமிக்கப்பட்ட கூட்டத்தின் தீர்மானம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பத்திரம் மீறப்பட்டிருந்தால், பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம். அறங்காவலரை நீக்கவும், புதியவரை நியமிக்கவும், நிர்வாகத் திட்டமொன்றை வகுக்கவும் அப்பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இருவர் முன்வந்தால், முதல் மனுவை எழுத நாங்கள் உடனிருப்போம்.