பொட்டலத்துக்குள் ஒரு பொட்டலம்

தீபாவளி நெருங்கினால் போதும், வீட்டிலிருந்தே பலகாரம் விற்பவர்களின் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் குவிந்துவிடும். முறுக்கு, நெய் பிஸ்கட், அன்னாசி டார்ட் எல்லாவற்றுடனும் இப்போது ‘ஒரு மாதமானாலும் கெடாது’ என்ற வரியும் சேர்ந்தே வருகிறது. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் போத்தலுக்குள் கிடக்கும் ஒரு சிறிய பைதான். ‘சாப்பிடக் கூடாது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பலகாரத்தில் கைவைக்கிறோம்.

முன்பெல்லாம் பெரிய கடைகளின் மூன்கேக் பெட்டிகளில் மட்டுமே இந்தப் பையைப் பார்த்திருப்போம். இன்று இணையக் கடைகளில் யார் வேண்டுமானாலும் கட்டுக்கட்டாக வாங்கலாம். ஆனால், எல்லாப் பைகளும் ஒன்றல்ல. சிலிக்கா ஜெல் பை ஈரத்தை உறிஞ்சும். எத்தனால் பை சிறிதளவு மதுசார ஆவியை வெளியிட்டுப் பூஞ்சையைத் தடுக்கும். ஹலால் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. மூன்றாவது, அதிகம் புழங்குவது, ஆக்சிஜனை உறிஞ்சும் இரும்புத்தூள் பை. ஜப்பானின் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் 1977ல் ‘ஏஜ்லெஸ்’ என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதன் வேலை எளிது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் தேவை. மிக நுண்ணிய இரும்புத்தூளுடன் உப்பும் சிறிது ஈரமும் சேரும்போது, அது பொட்டலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றபடி துருவேறுகிறது. காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பூஞ்சை வளராது, எண்ணெயும் நெய்யும் காறல் வாடை அடிக்காது. உணவில் எதுவும் கலப்பதில்லை. ஆகவே, ‘கெமிக்கல் போட்ட பலகாரம்’ என்று இதை ஒதுக்குபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. 2023ல் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. மறுபயனீடு செய்யப்பட்டது அதில் 18 விழுக்காடு மட்டுமே. பலகாரம் குப்பைக்குப் போகாமல் காக்கும் எதுவும் நல்லதே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பூஞ்சை வரவில்லை என்பதும் உணவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் செழித்து வளரும் கிருமிகளும் உண்டு. குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் அவற்றில் ஒன்று. அது வெளியிடும் நச்சு நரம்புகளை முடக்கும். முறுக்கிலும் பிஸ்கட்டிலும் ஈரம் மிகக் குறைவு என்பதால் அங்கே அதற்கு வாழ்வில்லை. கஸ்டர்ட், கிரீம், இறைச்சி, மீன் நிரப்பிய பன் போன்றவை அப்படியல்ல. அவற்றைக் காற்றுப்புகாத பொட்டலத்தில் இந்தப் பையுடன் அடைத்து, நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் வைத்தால், பச்சைப் பூஞ்சை என்ற எச்சரிக்கையை மட்டும் நீக்கிவிட்டு ஆபத்தை உள்ளேயே விட்டுவைப்பதாகும். இது அரிதாக நடப்பதுதான். ஆனால், நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு பக்கம், பை போட்டும் பயனில்லாத நிலை. சிவப்பு மூடி போட்ட மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் காற்றை முழுமையாகத் தடுக்காது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாலும் அப்படித்தான். வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்க, பை சீக்கிரமே ஓய்ந்துவிடும். கட்டைப் பிரித்து நாள் முழுவதும் சமையலறையில் திறந்து வைத்தாலும் இதே கதைதான். மிச்சப் பைகள் உழைத்து முடித்துவிட்டு உயிரற்றுக் கிடக்கும். ரொட்டி காய்ந்து இறுகுவதையும் இது நிறுத்தாது. அது மாவுச்சத்து மாறுவதால் வருவது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும், உறைபெட்டியில் வைப்பதே மேல்.

வீட்டிலிருந்து சிறிய அளவில் உணவு விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால், உணவு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். கடந்த 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு தொடர்பான புதிய சட்டம் 2028க்குள் கட்டங்கட்டமாக நடப்புக்கு வருகிறது. அதைச் சாக்காக வைத்து வீட்டுச் சமையலறைகளுக்கும் உரிமம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாவு பிசையும் அம்மாக்களையும் ஓய்வுபெற்றவர்களையும்தான் அது முதலில் விரட்டும். தயாரித்த தேதி, உள்ளே இருப்பது எந்த வகைப் பை, எப்படி வைத்திருப்பது என்ற மூன்று விவரங்கள் ஒட்டுத்தாளில் இருந்தால் போதும். எந்தப் பலகாரத்துக்கு எந்தப் பை என்று நான்கு மொழிகளிலும் ஒரு பக்கக் குறிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. விற்பனையாளரின் வாட்ஸ்அப் குழுவில் அதுதான் வேகமாகப் பரவும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நுண்ணலை அடுப்பில் சூடாக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள். உள்ளே இரும்பு இருப்பதால் தீப்பொறி பறக்கலாம். கண்பார்வை மங்கிய தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் அதைச் சர்க்கரைப் பொட்டலம் என்று நினைத்துப் பிரிக்கவும் கூடும். சில விற்பனையாளர்கள் பையை மூடியின் உட்புறத்தில் ஒட்டியே தருகிறார்கள். மற்றவர்களிடமும் அப்படிக் கேட்டு வாங்கலாம்.