மூட்டு வலி விதியன்று

வெம்பிளி ஈலிங் வீதியில் மரக்கறிப் பைகளுடன் நடந்து வரும் எமது தாய்மாரைச் சற்று நேரம் நின்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். சிறிது தூரம் நடந்து இளைப்பாறுவோர், பஸ்ஸில் ஏறுமுன் கம்பியை இறுகப் பற்றுவோர், கோயிலில் நிலத்தில் அமர்ந்தால் எழ முடியாதென்று சுவரோரக் கதிரையை நாடுவோர் எம்மிடையே பெருகிவிட்டனர். கேட்டால், "வயது போய்விட்டது, இது வாதம்" என்பதே விடை. இந்த விடையை நாம் ஏற்பதற்கில்லை.

1983 இற்குப் பின் இருபது, இருபத்தைந்து வயதில் அகதிகளாக இந்நகரை வந்தடைந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். பெற்றோல் நிலையங்களில் இரவிரவாக நின்றும், கடைகளில் பெட்டி சுமந்தும், உணவகச் சமையலறைகளில் ஓய்வின்றி உழைத்தும் குடும்பங்களைக் கரை சேர்த்த தலைமுறை அது. அன்று சுமந்த சுமைக்கு இன்று அவர்களது முழங்கால்கள் விலை கொடுக்கின்றன.

மூட்டுத் தேய்வு நோய் எமக்கு மட்டும் உரியதன்று. 2019 இல் உலகில் 52 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 73 வீதத்தினர் 55 வயதைக் கடந்தோர். 60 வீதத்தினர் பெண்கள். உடல்களில் அதிகம் தாக்கப்படும் மூட்டு முழங்காலே. முதுமை, பரம்பரை, அதிக உடல் நிறை, பழைய காயம், முழந்தாளிட்டும் குந்தியிருந்தும் பாரம் தூக்கியும் செய்யும் தொழில் ஆகியன இந்நோய்க்கு வழிவகுப்பவை. இப்பட்டியலை வாசிக்கும் எம்மவர் பலர் தம் வாழ்க்கையையே அதிற் காண்பர்.

நோயின் குறிகள் எளியவை. நடக்கும்போதும் படியேறும்போதும் வலி கூடும், ஓய்ந்திருந்தால் தணியும். காலையில் மூட்டு இறுகியிருப்பினும் அரைமணி நேரத்துள் இளகிவிடும். 45 வயதைக் கடந்த ஒருவரிடம் இக்குறிகள் காணப்படின், எக்ஸ்றே இன்றியே நோயை நிர்ணயிக்கலாம் என, இந்நாட்டின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. படத்தில் தெரியும் தேய்வின் அளவும் ஒருவர் உணரும் வலியின் அளவும் ஒத்துப்போவதில்லை என்பதே காரணம். ஆனால் மூட்டு வீங்கிச் சூடேறினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தாலோ அது வேறு நோயாக இருக்கக்கூடும். அப்போது தாமதிக்கலாகாது.

எம்மவரிடையே வேரூன்றிய பெருந்தவறு, வலிக்கும் காலை அசையாது வைத்திருப்பதாகும். அசையாத காலில் தசை மெலிகிறது, தசை மெலிய மூட்டின் மீது சுமை ஏறுகிறது, வலி வளர்கிறது. ஆகவேதான் மேற்குறித்த நெறிமுறை உடற்பயிற்சியையே முதற் சிகிச்சையாக வைக்கிறது. பனடோலை வழக்கமாகக் கொடுப்பதை அது ஆதரிக்கவில்லை. உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறதென 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர் வைத்தியரைக் கேளாது வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. இவையாவும் பயனளிக்காதபோது சத்திரசிகிச்சை உண்டு. அயலிலுள்ள சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 2023 டிசம்பரில் இத்தகைய சிகிச்சைகளுக்கெனத் தனி நிலையமே திறக்கப்பட்டது. வயதையோ உடல் நிறையையோ காரணங்காட்டி ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப மறுக்கலாகாது என்பதும் அந்நெறிமுறையே.

வழியிருந்தும் எம்மவர் ஏன் வலியுடன் வாழ்கின்றனர்? வைத்தியரின் அறையில் அவர்கள் பேசாதிருப்பதே காரணமென நாம் கருதுகிறோம். மொழிபெயர்க்க வந்த மகளின் முன்னே மலசலகூடத்தில் குந்தி எழ முடியவில்லை என்று எந்தத் தாய் சொல்வாள்? வேலைக்கு விடுப்பெடுத்து வந்த மகனை மேலும் காக்க வைக்க எந்தத் தந்தை விரும்புவார்? "கொஞ்சம் நோகுது" என்பதுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். தமிழில் பேசும் உரிமை அந்த அறையிலும் உண்டு.

அகதி அந்தஸ்துக் கோரி விண்ணப்பித்துக் காத்திருப்போரும் அஞ்ச வேண்டியதில்லை. விசாவோ முகவரிச் சான்றோ இன்றிக் குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளலாம். விண்ணப்பம் நிலுவையில் உள்ளோருக்கு மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம். நிராகரிக்கப்பட்டோருக்கு மருத்துவமனைக் கட்டணம் எழக்கூடும். ஆயினும் குடும்ப வைத்தியரைக் காண எவருக்கும் கட்டணமில்லை.

எமது கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் விழாக்களுக்கு மண்டபம் திறக்கின்றன. வாரத்தில் ஒரு மணி நேரம், முதியோர் கூடித் தேகாப்பியாசம் செய்யவும் அம்மண்டபங்களைத் திறக்கட்டும். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: "அம்மாவுக்குக் கால் நோவு" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். எத்தனை படி ஏற முடிகிறது, எத்தனை நாளாக உறக்கமில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுத்தனுப்புங்கள். எம்மைச் சுமந்த கால்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.