ஒன்றரை டாலர் டீச்சர்

ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்க என்ன வேண்டும்? விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஐந்து ஏக்கர் நிலம், ஒரு டிரஸ்ட், நாலு மஞ்சள் வேன், வாசலில் ஒரு சரஸ்வதி சிலை, அப்புறம் டொனேஷன் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். பட்டியலின் கடைசியில், ஞாபகம் வந்தால், பிள்ளைகள்.

1904 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டேடோனா என்ற கடற்கரை ஊரில், ஓர் அம்மையார் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். கையில் இருந்தது ஒன்றரை டாலர். மாணவிகள் ஐந்து பேர். கூடவே அவருடைய மகன். ஆக மொத்தம் ஆறு. டொனேஷன்? அது தனிக் கதை. வருகிறேன்.

அம்மையாரின் பெயர் மேரி மெக்லவுட் பெத்யூன். 1875-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவது. அப்பா, அம்மா இரண்டு பேருமே அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். ஒரு நாள் அம்மாவோடு வெள்ளைக்கார வீட்டுக்குப் போன இடத்தில் சிறுமி மேரி ஆசையாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். 'கீழே வை, உனக்கெல்லாம் படிக்க வராது' என்கிற தினுசில் அந்த வீட்டுப் பெண் விரட்டிவிட்டாள். வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். இது படித்தே தீருவது என்று கிளம்பிவிட்டது.

தினம் மைல் கணக்கில் நடந்து மிஷன் பள்ளிக்கூடம். காலையில் கற்றதைச் சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பாள். மேல்படிப்புக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? கோடீஸ்வரர் யாருமில்லை. தூரத்து டென்வர் நகரில் துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண்மணி. முன்பின் பார்த்திராத ஒரு கறுப்பினச் சிறுமிக்காகத் தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்.

மேரிக்கு ஒரே கனவு. ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும். சிகாகோ போய் அதற்கென்றே வேதாகமப் பள்ளியில் படித்தார். படித்து முடித்து சபை போர்டில் விண்ணப்பித்தால், கறுப்பினத்தவருக்கு ஆப்பிரிக்காவில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பாருங்கள் வேடிக்கையை! ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு இழுத்து வந்த வம்சத்துப் பெண்ணுக்கு, ஆப்பிரிக்காவுக்குப் போக அனுமதியில்லை.

தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஏமாற்றம் என்று பிற்பாடும் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் சாமியைக் கோபித்துக்கொள்ளவில்லை, சபையை விட்டும் போகவில்லை. இங்கே இருக்கிற என் ஜனங்களுக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமே என்று திரும்பிவிட்டார்.

வந்த இடம்தான் டேடோனா. வாடகை மாதம் பதினொரு டாலர். கையிலிருந்த ஒன்றரையைக் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டி உடைத்த பலகைதான் பெஞ்ச், மேஜை. எரிந்த கட்டையின் கரித்துண்டுதான் பென்சில். காட்டுப் பழத்தைப் பிழிந்தால் இங்க். மரத்தில் தொங்கும் பாசியை உலர்த்தித் திணித்தால் மெத்தை.

காசுக்கு? சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' சுட்டு விற்றார். (கையில் மாட்டுகிற பை இல்லை, மாவு ஓட்டுக்குள் இனிப்பை நிரப்பிச் சுடுவது.) வாங்கிச் சாப்பிட்டவர்கள் கட்டட வேலைத் தொழிலாளிகள். அந்தக் காசில் ஊர்க் குப்பை கொட்டுகிற இடத்தை விலைபேசினார். 'நரகப் பொந்து' என்று பெயர். விலை இருநூறு டாலர், முன்பணம் ஐந்து. நரகத்தையும் தவணையில் வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்! அங்கே எழும்பிய கட்டடத்துக்கு வைத்த பெயர், விசுவாச மண்டபம்.

சரி, டொனேஷன். ஏரியல் சோப்புத் தூள் வாங்குகிறோமே, அந்த பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக் குடும்பத்து ஜேம்ஸ் கேம்பிள் குளிர்காலத்துக்கு டேடோனா வருவார். நேரே போய், என் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் டிரஸ்டியாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். வந்து பார்த்த மனிதர், பள்ளிக்கூடம் எங்கேம்மா என்றார். என் மனசில் இருக்கிறது ஐயா என்றார் டீச்சர். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேம்பிள் வண்டியைத் திருப்பியிருப்பார். இவரோ கடைசி வரைக்கும் டிரஸ்டியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் பாட்டும் பிரார்த்தனையும் நடக்கும். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களும் வருவார்கள். அவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. எல்லோரும் கலந்துதான் உட்கார வேண்டும். பஸ்ஸில்கூடப் பிரித்து உட்கார வைத்த காலம் அது.

1920-களின் ஆரம்பத்தில், தேர்தலுக்கு முந்தின ராத்திரி, கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது என்று மிரட்ட முகமூடி போட்ட கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் பள்ளி வளாகத்துக்கே ஊர்வலமாக வந்தது. டீச்சர் நகரவில்லை. பிள்ளைகள் பக்திப் பாடல்களைப் பாட, கும்பல் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தன் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார்.

சபைக்காரர் என்பதற்காகச் சபைக்கும் தலையாட்டவில்லை. 1939-ல் மெதடிஸ்ட் சபைகள் ஒன்று சேர்ந்தபோது, கறுப்பினத்தவரை மட்டும் தனிப் பிரிவாக ஒதுக்கினார்கள். கூடவே கூடாது என்று எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். சபையின் மேல் பற்று இருந்தது, அதனால்தான் சண்டையும் போட்டார்.

பள்ளிக்கூடம் கல்லூரியாகி, இப்போது பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆட்சியில் இளைஞர் நலத்துறையில் கறுப்பினத்தவருக்கான பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1955-ல் காலமானார்.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் மாநிலத்துக்கு இரண்டு சிலை வைப்பது வழக்கம். ஃபுளோரிடாவின் சார்பில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குத் தரப்பின் தளபதி ஒருவர் பல வருஷம் நின்றுகொண்டிருந்தார். அவரை இறக்கிவிட்டு, 2022-ல் அந்த இடத்தை டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பளிங்குச் சிலை. பட்டமளிப்பு அங்கி, கையில் ஊன்றுகோல், காலடியில் புத்தகங்கள்.

'கீழே வை' என்று இனி யாரும் சொல்ல முடியாது.